பத்து எண்ணுவதற்குள் ஒரு கதவு

“நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கட்டடத்துல எந்தக் கதவும் பத்து எண்ணுறதுக்கு மேல திறந்து கிடக்காது. கிடந்தா, என்னை வேற பேர் வெச்சுக் கூப்பிடுங்க!”

கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் ஏறி நின்று, அறுபது பேர் முன்னிலையில் வலது கையை உயர்த்தி இப்படி முழங்கியவர், அந்த இறைச்சி பதப்படுத்தும் தொழிற்சாலையின் கம்ப்ரசர் ஆபரேட்டர். இந்த வரலாற்றுச் சபதத்துக்குப் பின்வரிசையிலிருந்து உடனே ஒரு சந்தேகம் கிளம்பியது.

“இப்ப இருக்கிற பேரே என்னன்னு எங்களுக்குத் தெரியாதேண்ணே! மைனஸ்னு தானே கூப்பிடுறோம்?”

கேட்டவள், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். கூட்டம் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். மைனஸ் மட்டும் சிரிக்கவில்லை. சபதம் போட்டவர்கள் சிரிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதை சுருக்கமானது. “எப்படி இருக்கீங்க?” என்று யார் கேட்டாலும் அவர் “மைனஸ் பதினெட்டு” என்பார். குளிர்க் கிடங்கு மைனஸ் பதினெட்டு டிகிரியில் சௌக்கியமாக இருந்தால் தானும் சௌக்கியம் என்பது அவருடைய சித்தாந்தம். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது டாக்டரிடமும் இதே பதிலைச் சொல்ல, டாக்டர் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதாக முடிவு கட்டி இரண்டு ஊசிகள் கூடுதலாகப் போட்டார்.

இருபத்திரண்டு வயதில் சுமை தூக்குபவராக உள்ளே வந்தவர். தோளில் பாதி மாட்டைச் சுமந்துகொண்டு ஓடியபோதெல்லாம் குளிர்க் கிடங்கின் கதவு திறந்தே கிடக்க, வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வழிந்துகொண்டிருந்ததை அவர் கவனித்தார். மற்றவர்கள் அதைப் புகையாகப் பார்த்தார்கள். அவர் கரண்டாகப் பார்த்தார். இந்தக் கோளாறு முற்றி, ஏழாம் வருடம் கம்ப்ரசர் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு இருபத்தேழு வருடங்கள் கழிந்துவிட்டன. எந்தக் கதவு திறந்தாலும் அவர் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிடும். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு வந்தால் புருவம் சுருங்கும். எட்டில் எழுந்து நிற்பார். ஒன்பதில் ஓடுவார்.

அவர் கல்யாணம் செய்துகொண்டதும் ஒரு கதவினால்தான். பேக்கிங் ஹாலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு கைகளிலும் தட்டு ஏந்தியபடி கிடங்கிலிருந்து வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமலே குதிகாலால் கதவை ஒரு தள்ளு தள்ளிச் சாத்திவிட்டுப் போனாள். எண்ணிக்கை அப்போது நான்குகூட ஆகவில்லை. அன்றே அவர் தன் மனத்தைப் பறிகொடுத்தார். “முகத்தைப் பார்த்து மயங்கினவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், குதிகாலைப் பார்த்து மயங்கினவர் இவர் ஒருத்தர்தான்” என்று அந்த அம்மாள் இன்றுவரை சொல்வதுண்டு. வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தாலும் பின்னாலிருந்து எண்ணிக்கை கேட்கும்.

“அஞ்சு... ஆறு...”

“எண்ணி முடிச்சிட்டு பாலை நீங்களே எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். ஃபிரிட்ஜ் திறந்தபடி இருக்கும். மைனஸ் ஓடி வருவார். இருபத்து நான்கு வருடத் தாம்பத்தியம் இப்படித்தான் சுமுகமாக ஓடியது.

நிற்க. சபதத்துக்கு வருவோம்.

தொழிற்சாலையின் மின்சாரச் செலவு எல்லை மீறிவிட்டதாகவும், மூன்று மாதத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே ஆகவேண்டும் என்றும் தலைமை அலுவலகம் ஓர் உத்தரவு அனுப்பியிருந்தது. மின்சாரம் மட்டுமல்ல, கொதிகலனுக்கு ஊற்றும் டீசலும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அந்த உத்தரவைப் படிக்கத்தான் கூட்டம். படித்து முடித்த மேனேஜர், தன் சொந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்த முதல் சிக்கனத்தையும் அறிவித்தார். பேக்கிங் ஹாலில் இருக்கும் வெந்நீர்த் தொட்டி நிறுத்தப்படும்.

அந்த ஹால் எப்போதும் ஆறு டிகிரியில் இருக்கும். பதினான்கு பெண்கள் அங்கே நின்றபடி, உறையும் நிலையில் வரும் இறைச்சித் துண்டுகளை எடுத்துத் தட்டில் அடுக்கிப் பெட்டியில் போடுவார்கள். கையுறை மெல்லியது. தடிமனாகப் போட்டால் துண்டு நழுவும். மணிக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி, தொட்டியிலிருக்கும் வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் கையை முக்குவார்கள். வெளுத்துப்போன விரல்களுக்கு மெல்ல ரத்தம் திரும்பும். திரும்பும்போது ஊசி குத்துவதுபோல் வலிக்கும். அந்த வலிக்காகத்தான் அந்த இரண்டு நிமிடம்.

கொதிகலனை முழுக்க நிறுத்த முடியாது. கத்திகளைக் கழுவ எண்பத்திரண்டு டிகிரி வெந்நீர் கட்டாயம், விதிமுறையில் இருக்கிறது. கைகளைப் பற்றி விதிமுறையில் எதுவும் இல்லை.

பெண்கள் முணுமுணுத்தார்கள். லேபிள்காரி, “அப்ப எங்களையும் கத்தின்னு எழுதிக்குங்க சார்” என்றாள். கூட்டம் கைமீறும் அந்த நேரத்தில்தான் மைனஸ் கூடை மேல் ஏறினார்.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. பதினோரு வருடமாக இருந்தது. ஒரு காலண்டர் தாளின் பின்புறம் வரைந்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்து, நான்கு மேனேஜர்களிடம் காட்டியிருந்தார். முதலாமவர் “நல்ல யோசனை, எழுதிக் கொடுங்க” என்றார். இரண்டாமவர் எழுதிக் கொடுத்ததைத் தொலைத்தார். மூன்றாமவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “இதனால கறி கெட்டுப் போகாதே?” என்றார். இப்போதிருப்பவர் நான்காமவர்.

“பாருங்க சார்” என்று கூடை மேலிருந்தபடியே மைனஸ் விளக்கினார். “கறியில இருக்கிற சூட்டை உறிஞ்சி வெளிய தள்ளுறதுதான் கம்ப்ரசர் வேலை. அந்தக் குழாயைத் தொட்டா தோல் உரிஞ்சிடும். அவ்வளவு சூட்டையும் மொட்டை மாடியில வெச்சு, ஃபேன் போட்டு, காக்காய்க்கு ஊதி விட்டுட்டு இருக்கோம். அதுக்கு ஒரு கரண்ட். இந்தப் பக்கம் பத்தடி தள்ளி டீசலை எரிச்சுத் தண்ணி காய்ச்சுறோம். அதுக்கு ஒரு செலவு. நடுவுல ஒரே ஒரு தொட்டி வெச்சு அந்தக் குழாயைச் சுத்தி விட்டா, தண்ணி தானா சுடும் சார்! தொட்டியும் இருக்கும், டீசலும் மிச்சம், மாடி ஃபேனும் பாதி நேரம் தூங்கும்.”

மேனேஜர் முகம் மலர்ந்தது. “பிரமாதம்! செஞ்சிடலாம். இப்போதைக்குத் தொட்டியை நிறுத்தி வைப்போம், நீங்க மத்த வேலையைப் பாருங்க. ஐந்தில் ஒரு பங்கு வந்தாகணும், அதுக்கு இந்தக் குழாய் நிச்சயம் தேவைப்படும். மூணாவது மாசம் போட்டுடுவோம்.”

அந்தப் பதினான்கு பெண்களில் மைனஸின் மனைவியும் ஒருத்தி. மற்ற பதின்மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் கணவரைப் பார்த்தாள்.

“மூணே மாசம்” என்றார் அவர். “நான் பொறுப்பு.”

“அவர் சொல்றாருல்ல, விடுங்க” என்றாள் அவள், தோழிகளிடம். இருபத்து நான்கு வருடத்தில் கணவரை நம்பி அவள் பிறருக்கு உத்தரவாதம் கொடுத்தது அதுவே முதல்முறை. அந்த உற்சாகத்தில்தான் மைனஸுக்குத் தலைகால் புரியாமல், கதவு பற்றிய மேற்படி சபதம் வாயிலிருந்து புறப்பட்டுவிட்டது.

அடுத்த இரண்டு மாதங்கள் அவர் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது! கிடங்கு வாசலில் குளிரைத் தடுக்கத் தொங்கவிடும் பிளாஸ்டிக் பட்டைகளை, முகத்தில் அடிக்கிறது என்று சுமைக்காரர்கள் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டை போட்டு வைத்திருந்தார்கள். அவர் கொண்டைகளை அவிழ்த்துவிட்டார். கதவு ஓரத்து ரப்பர்கள் நைந்து கிடந்தன. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்து, தாள் வழுக்கி வந்த இடத்திலெல்லாம் புது ரப்பர் போட்டார். காற்றுக் குழாய்களில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி விட்ட ஓட்டைகளை அடைத்தார். மாடியில் சூட்டை வெளியேற்றும் குழாய்களின் மேல் விரல் தடிமனுக்கு உப்பு படிந்திருந்தது. நான்கு நாள் வெயிலில் உட்கார்ந்து, நோயாளிக்குப் பல் சுத்தம் செய்யும் டாக்டரைப்போல ஒவ்வொன்றாகச் சுரண்டினார். எல்லாக் கதவுகளுக்கும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தார். பார்வையிட வந்த விருந்தாளி ஒருவர் கிடங்கு வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் எண்ணில் அவரை உள்ளே வைத்தே சாத்தினார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. பேக்கிங் ஹால் சுவரில், அன்றன்று ஓடிய யூனிட்டைச் சிவப்பு எழுத்தில் காட்டும் ஒரு பெரிய பலகையை மாட்டினார். சிக்கனத்தை நினைவூட்டும் அந்தப் பலகை இரவும் பகலும் எரிந்தது.

எண் இறங்கிக்கொண்டே வந்தது. வீட்டில் வேறு சிலவும் இறங்கிக்கொண்டே வந்தன. முதல் மாதம் அவளால் பூண்டு உரிக்க முடியவில்லை. பிறகு டம்ளர் கையிலிருந்து நழுவியது. இரண்டாம் மாதக் கடைசியில் ஒருநாள், ரவிக்கையின் கொக்கிகளை மாட்ட முடியாமல் அறையில் வெகுநேரம் நின்றிருந்தவள் கூப்பிட்டாள்.

“கொஞ்சம் இங்க வாங்களேன்.”

அவர் மாட்டிவிட்டார். தடித்த விரல்கள், நான்கு கொக்கிகளுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

“விரல் தூங்குது” என்றாள் அவள். “முன்னெல்லாம் தொட்டியில முக்கினா எழுந்துக்கும். இப்ப ஞாயித்துக்கிழமை கூட எழுந்துக்க மாட்டேங்குது.”

“இன்னும் ஒரு மாசம். குழாய் வந்துடும்.” பிறகு, அடக்க முடியாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஒரு சேதி தெரியுமா? நேத்து கணக்குப் போட்டேன். ஐந்தில் ஒரு பங்கு வந்திருச்சு! குழாய் போடாமலே வந்திருச்சு! இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கும்போதே!”

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல. காலைல மேனேஜர்கிட்ட...”

“சொல்லாதீங்க. குழாய் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அதெப்படி?” மைனஸ் நெஞ்சை நிமிர்த்தினார். “இருபத்தேழு வருஷமா மீட்டர்ல என்ன இருக்கோ அதைத்தான் நோட்டுல எழுதியிருக்கேன். என்னைப் பொய் எழுதச் சொல்றியா?”

“பொய் எழுதச் சொல்லல. பேசாம இருங்கன்னுதான் சொல்றேன். பலகையைப் பார்த்து அந்த ஆளா கணக்குப் போடப் போறாரு? அவருக்கு வகுத்தல் தெரிஞ்சா ஏன் மேனேஜரா இருக்காரு?”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேனேஜர் அந்தப் பலகையை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு மாதம், வெறும் முப்பது நாள், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் பதினோரு வருடம் காலண்டர் தாளோடு அலைந்து யாரிடமும் பாராட்டு வாங்காத ஒரு மனிதனிடம், கையில் வெற்றியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு என்றால் நடக்கிற காரியமா? மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, தலையை வாரி, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் மேனேஜர் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது மணி ஒன்பது நாலு.

உள்ளே நடந்தது இவ்வளவுதான்.

“எட்டியாச்சா? குழாயே இல்லாமலா? மைனஸ், நீங்க மனுஷனே இல்ல!”

“அப்ப சார், அந்தக் குழாய்...”

“எந்தக் குழாய்? அதான் அது இல்லாமலே எட்டிட்டீங்களே! தேவையில்லாததுக்கு எதுக்கு இரும்பும் தொட்டியும்? இதானே சிக்கனம்? நீங்களே எனக்குக் கத்துக் கொடுத்தது!”

“தொட்டி சார்... வெந்நீர்...”

“அதை மறுபடி விட்டா கணக்கு ஏறிடுமே. மூணு மாசம்னா மூணு மாசம்தானா? தலைமை அலுவலகத்துக்கு இனிமே இதான் கணக்கு. இதுக்கு மேல ஒரு யூனிட் ஏறினாலும் என் தலைதான் உருளும்.”

மறுவாரம் அதே இடத்தில் மறுபடியும் கூட்டம். மைனஸுக்குச் சால்வை போர்த்தினார்கள். குளிர்க் கிடங்குக்குப் பக்கத்தில் நடந்ததால், சால்வை போர்த்தும் சடங்கு ஒன்று உண்மையிலேயே பயன்பட்ட அபூர்வ நிகழ்ச்சி அது. பரிசாக ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். வெந்நீரைச் சூடாகவே வைத்திருக்குமாம். ஒரு லிட்டர்.

அவர் அந்த பிளாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கத்தி கழுவும் குழாயில் நிரப்பி, பச்சைத் தண்ணீர் கலந்து, மணிக்கு ஒருமுறை பேக்கிங் ஹாலுக்குள் கொண்டுபோனார். பெண்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். நான்காவது ஆளோடு தீர்ந்தது. மறுமுறை ஐந்தாவது ஆளிலிருந்து தொடங்கினார். லேபிள்காரி, “கோயில் தீர்த்தம் மாதிரி இருக்குண்ணே, தலையிலயும் கொஞ்சம் தெளிச்சு விடுங்க” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், கத்திக்கான நீரைக் கைக்கு எடுப்பது விதிமீறல் என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. கீழே, சிறந்த சேமிப்பாளர் என்று மைனஸின் படத்தை ஒட்டியிருந்தார்கள். விதியை மீறியவரும் அவர்தான் என்பதால், வருபவர்களுக்கு ஒரே இடத்தில் இரண்டு தகவலும் கிடைத்தன.

மனைவி அவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. காலையில் கொக்கி மாட்டிவிடுவார். அவள் தலையைக் குனிந்து நிற்பாள். ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்து, பால் பாத்திரத்தை எடுக்க முடியாமல் இரண்டு கைகளையும் உள்ளே வைத்தபடி நின்றாள். அவர் வாய் எண்ணத் தொடங்கி, மூன்றில் நின்றுவிட்டது.

காலண்டர் தாள் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது. மடிப்பு வழியே நான்கு துண்டாகியிருந்தது. ஐந்தாவது மேனேஜர் வரும்வரை தாங்காது.

கம்ப்ரசர் அறைக்கும் பேக்கிங் ஹாலுக்கும் நடுவே ஒரு பக்கவாட்டுக் கதவு உண்டு. பழைய கட்டடம். இப்போது கட்டினால் இப்படி விடமாட்டார்கள். ஒரு ஜாண் தடிமன். அந்தப் பக்கம் ஆறு டிகிரி, இந்தப் பக்கம் நாற்பத்தைந்து. எல்லாக் கதவுகளிலும் மைனஸ் அதிகம் அஞ்சியது இதற்குத்தான். சபதம் போட்ட நாளிலிருந்து தன் ஸ்டூலையே அதற்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அந்தக் கதவுக்கு அப்பால் தட்டுகள் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு சூப்பர்வைசரின் குரல்: “இது இன்னிக்கு மூணாவது தடவை. முடியலன்னா வீட்டுக்குப் போம்மா.” தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கும் ஓசை மட்டும் வந்தது. மிக மெதுவாக.

மைனஸ் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மூலையில் கிடந்த இரண்டு கோணிகளை எடுத்து, கம்ப்ரசரிலிருந்து மாடிக்கு ஏறும் கொதிக்கும் குழாயில் ஓர் ஆள் உயரத்துக்குச் சுற்றிக் கம்பியால் கட்டினார். தன் கையை வைத்துப் பார்த்தார். சூடு பொறுக்கும்படி இருந்தது. பிறகு கதவைத் திறந்தார்.

“வா” என்றார்.

அவள் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே வந்தாள். வந்தவள் பழக்கத்தில், திரும்பிப் பார்க்காமலே, குதிகாலால் கதவைத் தள்ளினாள்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலை எடுத்து, இந்தமுறை கதவைச் சாத்தவிடாதபடி இடையில் வைத்தார்.

“எல்லாரும் வாங்க.”

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கையுறையைக் கழற்றிக் கோணியைச் சுற்றிக் கை வைத்தார்கள். இடம் போதவில்லை. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே கை நீட்டினார்கள். ஹாலிலிருந்து குளிர் அவர்கள் கால்களுக்கிடையே வெள்ளையாக வழிந்து வந்தது. அந்தப் பக்கச் சுவரில் சிவப்பு எண் மாறியது. சற்று நேரத்தில் மறுபடி மாறியது. லேபிள்காரி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கோணியில் கையை வைத்தாள்.

மைனஸ் மனைவியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

“சூடு ஏறுதா?”

“எது?”

அப்போதுதான் கவனித்தார். அவளுடைய இடது கை கோணி முடியும் இடத்துக்குக் கீழே, வெறும் இரும்பில் இருந்தது. அதை வெடுக்கென்று இழுத்தார். நான்கு விரல்களின் உட்புறமும் சிவந்து, தோல் ஈரமாகப் பளபளத்தது.

அவள் அதை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“சுட்டிருக்கா?” என்று கேட்டாள்.

அவர் தலையசைத்தார்.

“கதவு திறந்து கிடக்குங்க” என்றாள். “பத்து எப்பவோ ஆயிருக்கும்.”

“எண்ணல” என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால், இத்தனை நாள் சும்மா நின்றிருந்த இரண்டாவது கம்ப்ரசர், ஹாலில் குளிர் போதாமல், தானாகவே உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவர் திரும்பவில்லை. அவளுடைய கையை மணிக்கட்டில் பிடித்தபடி, விரல்களின் மேல் ஊதிக்கொண்டிருந்தார்.